உமிக்குள் வைத்த பெற்றோல்

அத்தியாயம் பதினேழு

விடியும்போது தண்ணீர் முற்றத்தைக் கடந்து முதற்படியை மூடியிருந்தது.

சுதர்சனா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள். போன கிழமை இதே வாசலில்தான் அவளுடைய புருஷன் நிலோஜனும் அம்மா பாலசுந்தரியும் சாமான் அறைக்காகச் சண்டை பிடித்தார்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு அந்த அறையை ஒதுக்கித் தாருங்கள் என்று அவன் கேட்டான். அதில் கை வைக்க வேண்டாம் என்று அம்மா சொன்னாள். அன்றிலிருந்து இருவரும் நேருக்கு நேர் கதைப்பதில்லை.

"சோறு போட்டாச்சு எண்டு அவருக்குச் சொல்லு" என்பாள் அம்மா. "கரைக்குப் போறன் எண்டு மாமிக்குச் சொல்லு" என்பான் அவன். இரண்டு பேரும் நிற்பது ஒரே குசினியில். நடுவில் நின்று அங்கேயும் இங்கேயும் சொல்லிச் சொல்லிச் சுதர்சனாவுக்கு அலுத்துவிட்டது.

வீடு அவள் பேரில் இருந்தது. கலியாணத்துக்கு எழுதிக் கொடுத்தது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். ஆனாலும் வாவிக்கு அக்கரையான எழுவான்கரையிலிருந்து வந்த நிலோஜன் இத்தனை நாளில் அந்தச் சுவரில் தனக்கென்று ஒரு ஆணி அடித்ததில்லை. அவன் வாய்திறந்து கேட்ட முதல் பொருள் அந்த அறை. இல்லை என்றதும் அவன் மறுபடி கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மழை விட்டிருந்தது. ஆனால் மேலே குளத்துக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். வெல்லாவெளி றோட்டை வெள்ளம் மூடிவிட்டது. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற, பாதை என்கிற மிதவையையும் மண்டூர்த் துறையில் கட்டிப்போட்டிருந்தார்கள். வயல் வட்டை முழுவதும் ஒரே நீர். விதைத்து முளைத்த வேளாண்மை அதற்கடியில் கிடந்தது.

குடும்பநல மாது அஜந்தா நேற்றுப் பின்னேரம் போனில் கதைத்தாள். பிள்ளை வயிற்றில் கால் பக்கமாக இருக்கிறது, வீட்டில் வைத்துப் பார்க்க ஏலாது என்று முன்பே சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே அக்கரைக்குக் கொண்டுவாருங்கள், குருமண்வெளித் துறையில் வாகனத்தோடு நிற்பேன் என்றாள். வெள்ளைக் குடை பிடித்திருப்பேன், தூரத்திலேயே தெரியும் என்றும் சொன்னாள். அதன் பிறகு போனில் சிக்னல் வரவில்லை.

நிலோஜனிடம் படகு இருந்தது. அதில் சின்ன எஞ்சின் ஒன்றும் இருந்தது. ஆனால் தாங்கியின் அடியில்தான் கொஞ்சம் பெற்றோல் கிடந்தது. அக்கரைக்குப் போதாது.

வெள்ளத்தோடு மரங்களும் செடிகொடிகளும் அடித்து வந்துகொண்டிருந்தன. மத்தியானத்தில் அது குறையும், அப்போது வெளிக்கிடலாம் என்று அவன் சொன்னான். அதற்குள் பெற்றோலுக்கு ஒரு வழி பார்ப்பது என்று நினைத்திருந்தான்.

அந்தக் காலையில் பாலசுந்தரியின் வீட்டுக்குத்தான் ஊரே வந்தது.

முதலில் வந்தது பக்கத்து வளவு ஆச்சிப்பிள்ளை. இடுப்பளவு தண்ணீரில், சேலையை உயர்த்திக் கட்டிக்கொண்டு வந்தாள். மூன்று வருஷமாக அந்த அறையைப் பார்த்து அவள் செய்யாத நையாண்டி இல்லை. பாலசுந்தரி சங்கக்கடை திறந்திருக்கிறாள், எலிக்கு மட்டும்தான் கூப்பன் கொடுக்கிறாள் என்று கிணற்றடியில் சொல்லிச் சிரித்தவள் அவள்.

"மெழுகுதிரி ரெண்டு தாகா" என்றாள் இப்போது.

"ஏன்கா, உங்களுக்குச் சங்கக்கடைச் சாமான் சரிவருமா?"

"மழை பெஞ்சாக் கடைக்காரர் எல்லாரும் நல்ல மனிசர்தான். தாகா, கால் விறைக்குது."

பாலசுந்தரி இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து அறையைத் திறந்தாள். அரிசி மூடை, பருப்பு, சீனி, சவர்க்காரம், பால்மா, மண்ணெண்ணெய், கருவாட்டுப் பெட்டி. எல்லாம் பலகை அடித்து உயரத்தில். வெள்ளம் இன்னும் தொடவில்லை. மெழுகுதிரியோடு ஒரு நெருப்புப் பெட்டியும் எடுத்துக் கொடுத்தாள். ஆச்சிப்பிள்ளை அங்கேயே ஒரு குச்சியை உரசிப் பார்த்தாள். பற்றவில்லை. இன்னொன்றின் மருந்து உதிர்ந்தது.

"இது நமுத்துப் போச்சு."

பாலசுந்தரி வேறொரு பெட்டி எடுத்தாள். அதுவும் அப்படித்தான். அதற்கடுத்தது பற்றியது. பற்றாத இரண்டையும் அவள் பலகைக்குப் பின்னால் போட்டுவிட்டாள்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். குழந்தைக்குப் பால்மா கேட்டார்கள், விளக்குக்கு எண்ணெய் கேட்டார்கள். அவள் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. அரிசியில் வண்டு கிடந்தது. புடைத்துப் போடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தாள். சீனி கல்லாகியிருந்தது. கத்தியால் வெட்டிக் கொடுத்தாள். நீ இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்வோம் என்று ஒருத்தி சொன்னபோது பாலசுந்தரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அப்பா போன பிறகு அம்மா அப்படிச் சிரித்ததைச் சுதர்சனா கண்டதில்லை.

அந்த நேரம்தான் ஹமீட் காக்காவின் படகு கரையை ஒட்டி வந்தது. மீன் எடுக்க அடிக்கடி இந்தப் பக்கம் வருகிறவர். சனம் சாப்பிடப் பள்ளிவாசலால் கொடுத்தனுப்பிய பாணைக் கொண்டுவந்து வீடு வீடாக இறக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் போக ஏற்கனவே ஆட்கள் ஏறியிருந்தார்கள். காய்ச்சல் பிள்ளையோடு ஒரு குடும்பம், நடக்க மாட்டாத ஒரு கிழவர். படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல்தான் இடைவெளி.

சுதர்சனாவைக் கண்டதும் அவர் வேகத்தைக் குறைத்தார். ஏற்ற இடமில்லையே என்று வருத்தப்பட்டார். பிறகு காலடியிலிருந்த கலனைத் தூக்கிக் காட்டினார்.

"தம்பி, உங்கட எஞ்சினுக்கு எண்ணெய் இருக்கா? இது மேலதிகமா இருக்கு. புள்ளத்தாச்சி இருக்கிற வீடு. எடுங்க."

நிலோஜன் தண்ணீருக்குள் இறங்கிக் கையை நீட்டினான்.

"வேணாம் காக்கா" என்றாள் பாலசுந்தரி விறாந்தையில் நின்று. "பெற்றோல் எனக்கிட்ட இருக்கு. இல்லாத ஆக்களுக்குக் குடுங்க."

ஆச்சிப்பிள்ளை நின்றாள். பாணுக்கு வந்தவர்கள் நின்றார்கள். எல்லாரும் பாலசுந்தரியைத்தான் பார்த்தார்கள். இவளிடம் பெற்றோலும் இருக்கிறதா என்கிற மாதிரி.

நிலோஜனின் கை அப்படியே நின்றது. அந்தப் பெற்றோல் எப்போது வாங்கியது என்று அவனுக்குத் தெரியும். இரண்டு மாதம் சும்மா கிடந்த எஞ்சினைத் தாங்கி கழுவாமல் இழுக்காதவன் அவன்.

"என்ன தம்பி, சரிதானே?" என்று ஹமீட் காக்கா அவனைக் கேட்டார்.

அவன் விறாந்தையைப் பார்க்கவில்லை. கையை எடுத்துச் சாரத்தில் துடைத்தான்.

"மாமி சொன்னாச் சரிதான்."

படகு போய்விட்டது. அடுத்த வளைவில் யாரோ கைகாட்ட, காக்கா நிறுத்திக் கலனைக் கொடுத்ததையும் அவன் கண்டான்.

அந்தப் பெற்றோலின் கதை வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில், ஒரு காலையில் சுதர்சனாவின் அப்பா கனகசூரியத்துக்கு நெஞ்சு நொந்தது. ஊரில் நாலு ஓட்டோ நின்றது. ஒன்றிலும் பெற்றோல் இல்லை. பாலசுந்தரி போத்தலோடு வீடு வீடாக ஓடினாள். கடைசியில் ஒரு மாட்டு வண்டிலில் கிடத்திக்கொண்டு போனார்கள். துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது, இனி அவசரமில்லை என்று வண்டில்காரன் சொன்னான்.

துடக்குக் கழிந்த மறுநாளே அவள் தோட்டைக் கழற்றி விற்று, களவாக ஒரு கலன் பெற்றோல் வாங்கினாள். அரிசியும் பருப்பும் மெழுகுதிரியும் எல்லாம் அதற்குப் பிறகு சேர்ந்தவை. அந்த அறை தொடங்கியது அந்தக் கலனில்தான். இனி இந்த வீட்டில் ஒருவர் பெற்றோல் இல்லாமல் சாகக்கூடாது என்று அவள் நினைத்தாள். மீன்காரர் ஐஸ் கட்டியை உமிக்குள் வைத்துப் பின்னேரம் வரைக்கும் கரையாமல் காப்பதை அவள் கண்டிருக்கிறாள். உமிக்குள் சூடு போகாது. சூடு போகாவிட்டால் பெற்றோலுக்கும் ஒன்றும் ஆகாது. அப்படித்தான் அவள் கணக்கு. மில்லில் இரண்டு சாக்கு உமி வாங்கி, ஒரு பெட்டிக்குள் கொட்டி, கலனை அதன் நடுவில் புதைத்தாள். வருஷத்துக்கு ஒருமுறை உமியை மாற்றினாள். கலனின் மூடியை மட்டும் திறக்கவேயில்லை. திறந்தால் ஆவி போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

நிலோஜன் படுக்கையறைக்குள் வந்து சுதர்சனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அது பழசு" என்றான். "வேலை செய்யாது. மாமிக்குச் சொல்லு."

அவள் பையில் பிள்ளைத் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீங்களே சொல்லுங்க. இனி நான் நடுவில நிக்கமாட்டன்."

"நான் சொன்னா அறைக்காகச் சொல்றன் எண்டு நினைப்பா."

"இண்டைக்குத்தான் அம்மா சிரிச்சவ" என்றாள் அவள். "அதை ஏன் கெடுப்பான். ஒரு சொட்டாவது வேலை செய்யாமலா போகும்?"

குசினிக்குள் பாலசுந்தரி யாருக்கோ தேயிலை சுற்றிக் கொடுக்கும் சத்தம் கேட்டது. அவன் எழுந்து குசினி வாசல் வரைக்கும் போனான். அவள் திரும்பிப் பார்த்தாள். என்ன என்று அவள் கேட்டிருக்கலாம். அவனும் சொல்லியிருக்கலாம். அவன் கொடியில் கிடந்த துவாயை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஒரு வெறும் போத்தலைச் சாரத்துக்குள் செருகிக்கொண்டு, இடுப்பளவும் சில இடத்தில் கழுத்தளவுமான தண்ணீரில் ஊரைச் சுற்றினான். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களைக் கேட்டான். சைக்கிள்கள் எல்லாம் தண்ணீருக்குள் நின்றன. உன் மாமி தன்னிடம் இருக்கிறது என்று சொன்னாளே, பிறகு ஏன் எங்களைக் கேட்கிறாய் என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஹமீட் காக்கா கொடுத்த கலனை வாங்கியவன் அதைத் தன் படகில் ஊற்றி ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தான்.

திரும்பி வந்து, வெறும் போத்தலைக் கூரை இடுக்கில் வைத்தான். அப்போது உள்ளே சுதர்சனாவுக்கு நோவு தொடங்கிவிட்டது.

பாலசுந்தரிக்குப் பதற்றம் இல்லை. இந்த நேரத்துக்காகத்தான் அவள் மூன்று வருஷம் காத்திருந்தாள். அறைக்குள் போய் உமியை இரண்டு கையாலும் அள்ளி ஒதுக்கினாள். கலனைத் தூக்கி, சேலைத் தலைப்பால் துடைத்து, மகள் வழியாகச் சொல்லாமல் நேராக மருமகனிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"இந்தாங்க மனே."

சண்டைக்குப் பிறகு அவள் அவனிடம் நேரே பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவன் மூடியைத் திறந்தான். பெற்றோல் மணம் வரவில்லை. கதவுக்குப் பூசும் வார்னிஷ் மாதிரி மணந்தது. கொஞ்சம் கையில் ஊற்றிப் பார்த்தான். கறுத்த தேயிலைச் சாயம் போல இருந்தது. விரலில் ஒட்டியது.

பாலசுந்தரி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தேர்வு எழுதிய பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி.

உள்ளே சுதர்சனா முனகினாள்.

அவன் பழைய வேட்டித் துண்டை நாலாக மடித்துப் பிடித்து, அதற்குள்ளால் தாங்கிக்குள் ஊற்றினான். துணியில் கறுப்பாகப் பிசின் நின்றது. துணியைச் சுருட்டி, அவள் காணாமல் தண்ணீருக்குள் விட்டான்.

எஞ்சின் முதல் இழுவையிலேயே பிடித்தது.

"பாத்தியா" என்றாள் பாலசுந்தரி மகளிடம். கண் நிறைந்துவிட்டது. "உன்ட அப்பாக்கு இல்லாதது உனக்கு இருக்கு."

ஆச்சிப்பிள்ளை கரையில் நின்று கும்பிட்டாள். முருகா என்று சொல்லிக் கையை உயர்த்தினாள். படகு வேலிக் கதியால்களுக்கு மேலால், வட்டைக்கு மேலால், வாவிக்குள் இறங்கியது. சுதர்சனா அம்மாவின் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். எதிர்க்கரையில் தென்னைகள் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் போனதும் துறை தெரிந்தது. துறையில் ஒரு வெள்ளைக் குடை.

"அஜந்தா நிக்கிறா" என்றாள் பாலசுந்தரி. "தெரியுதா புள்ள? அந்தா."

சுதர்சனா தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஓம் என்று தலையாட்டினாள்.

நிலோஜன் குடையைப் பார்க்கவில்லை. எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தான். தாங்கியின் அடியில் கிடந்த நல்ல பெற்றோல் கலந்ததால்தான் அது இவ்வளவு தூரம் இழுத்தது என்று அவனுக்குத் தெரியும்.

வாவியின் நடுவில் எஞ்சின் ஒருமுறை இருமியது. இரண்டு முறை இருமியது. நின்றது.

சத்தம் நின்றதும் தண்ணீரின் இரைச்சல் கேட்டது.

அவன் கயிற்றை இழுத்தான். மறுபடி இழுத்தான். மூடியைக் கழற்றி வாயால் ஊதினான். உதடு கறுத்தது. குழாயைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே பாகு போல அடைத்திருந்தது. விரலால் சுரண்டினான், சாரத்து நுனியால் துடைத்தான், பூட்டி இழுத்தான். எஞ்சின் எதுவும் சொல்லவில்லை.

படகு மெல்ல வடக்கே திரும்பியது.

அவன் தாங்குகோலை எடுத்துக் குத்தினான். முழுக்கோலும் உள்ளே போய்விட்டது. அடி தட்டவில்லை. கோலைப் போட்டுவிட்டுத் துடுப்புச் சவளை எடுத்து வலிக்கத் தொடங்கினான். ஒரு சவள். அதுவும் வலைக்குப் போக வைத்திருக்கிற சின்னச் சவள். அவன் ஒன்று வலித்தால் வெள்ளம் இரண்டு இழுத்தது.

"என்னாச்சு மனே?"

"பெற்றோல் பழுதாப் போச்சு மாமி."

"உமிக்குள்ளதானே வெச்சனான்."

"உமிக்குள்ள வெச்சாலும் பழுதாகும். எங்க வெச்சாலும் பழுதாகும்."

அவள் கலனைப் பார்த்தாள். அது அவள் காலடியில் பாதி வெறுமையாகச் சரிந்து கிடந்தது.

"உங்களுக்கு இது முன்னமே தெரியுமா?"

அவன் வலித்துக்கொண்டே சொன்னான்.

"காலையிலயே தெரியும்."

"மறுகா ஏன் மனே சொல்லல்ல?"

ஒரு மரக்கிளை படகில் முட்டியது. அதைச் சவளால் தள்ளிவிட்டான்.

"நாம ரெண்டு பேரும் கதைக்கிறல்லையே மாமி."

சுதர்சனா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கும் தெரியும் என்று அவள் சொல்லவில்லை. அம்மாவின் கையைத் தேடிப் பிடித்தாள். அம்மாவின் கையில் இன்னும் உமி ஒட்டியிருந்தது.

காலையில் ஹமீட் காக்கா தூக்கிக் காட்டிய கலன் நீல நிறம் என்பது பாலசுந்தரிக்கு இப்போது ஞாபகம் வந்தது. வேணாம் என்று தான் சொன்ன சத்தமும் ஞாபகம் வந்தது. எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் உரத்துத்தான் சொன்னாள். அவளிடம் அந்தப் பழைய கலன் இல்லாதிருந்தால் நீலக் கலன் இந்தப் படகில் இருந்திருக்கும். கனகசூரியம் செத்தது பெற்றோல் இல்லாததால். இங்கே படகு நின்றது அது இருந்ததால்.

அவள் இடுப்பிலிருந்து அறைத் திறப்பை எடுத்தாள்.

"மனே, இந்தாங்க. அறையை எடுங்க. எல்லாத்தையும் வெளிய போட்டிட்டுப் புள்ளைக்கு எடுங்க."

நிலோஜன் திறப்பைப் பார்த்தான். இரண்டு கையும் சவளில் இருந்தன. ஒரு கையை எடுத்தால் படகு சுழன்றுவிடும். அவன் வலித்தான்.

அவள் கையை நீட்டியபடியே இருந்தாள்.

"அம்மா" என்றாள் சுதர்சனா.

"என்ன புள்ள?"

"நோவு நிண்டிட்டு."

"அது நல்லந்தானே. கரைக்குப் போய்ச் சேரும் மட்டும் நிக்கட்டும்."

சுதர்சனா தன் வயிற்றில் இரண்டு கையையும் வைத்து அழுத்திப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி அழுத்தினாள். அவள் முகத்தில் நோவு இல்லை. காது கொடுத்துக் கேட்கிறவளின் முகமாக இருந்தது.

"புள்ளையும் ஆடல்ல அம்மா."

நிலோஜனின் சவள் ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகத் தண்ணீரில் விழுந்தது.

படகு வடக்கே இழுபட, துறையில் குடை இப்போது நேரே தெரியவில்லை. பக்கவாட்டில், தென்னைகளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. யாரோ கரையோரமாக ஓடுவது போலவும் இருந்தது, குடை மட்டும் காற்றில் ஆடுவது போலவும் இருந்தது. பாலசுந்தரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தெரியவில்லை.

திறப்பை வாங்க யாருமில்லை. நீட்டிய கையை மடக்க அவளுக்கு ஞாபகம் வரவில்லை.